சூடான உலோகத்துக்கு ஒரு வரைபடம்: ‘ஹாட் வொர்க்கிங் கைடு’ பற்றிச் சில குறிப்புகள்

ஃபோர்ஜிங் சிமுலேஷன் செய்யறவங்க கையில் இருக்க வேண்டிய புத்தகம் எதுன்னு கேட்டா, ‘ஹாட் வொர்க்கிங் கைடு’ன்னுதான் சொல்வேன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஒய்.வி.ஆர்.கே. பிரசாத்தும் எஸ். சசிதராவும் தொகுத்தது, 1997-இல் ஏ.எஸ்.எம். இன்டர்நேஷனல் வெளியிட்டது. சாமல்பட்டி, ஓசூர் பக்கம் இருக்கிற நமக்கு அடுத்த ஊர்ச் சரக்கு. ஆனால் இதை நம்புவதற்கும் ஒரு எல்லை இருக்கு.

முதலில் பலம். வெப்பத்தையும் உருமாற்றத்தையும் கணினி சேர்த்துக் கணக்கிட, எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் உலோகம் எவ்வளவு எதிர்க்கும் என்ற எண்கள் வேணும். சிறிய உருளைகளை அழுத்திச் சோதித்த அந்த எண்களைப் புத்தகம் அட்டவணையாகவே தருது. வேகமாக அழுத்தும்போது உலோகம் தானே சூடாகும். அந்த ஏற்றத்துக்கும் திருத்தம் செய்திருக்காங்க. கூடவே ‘பிராசஸிங் மேப்’: எங்கே வேலை செய்தால் நல்ல நுண்ணமைப்பு கிடைக்கும், எங்கே விரிசல் வரும்னு காட்டும் படம். கல்பாக்கத்திலும் 304எல், 316எல் எஃகுகளுக்கு இப்படி மேப் போட்டிருக்காங்க.

சிக்கல் அந்த மேப்பில்தான். அதன் ‘திறன்’ கோடுகள் எல்லாமே, வேகம் மாறினால் எதிர்ப்பு எவ்வளவு மாறும் என்ற ஒரே எண்ணிலிருந்து வருபவை. அந்த எண்ணைத் தாண்டி அவை புதுசா எதுவும் சொல்றதில்லை. மோந்தியே, ஜோனாஸ், நீல் மூவரும் 1996-லேயே இதன் கோட்பாட்டு அடிப்படையைக் கடுமையாக விமர்சித்தாங்க.

பட்டறைக்கு அதைவிட முக்கியமான விஷயம் வேற. மேப்பின் ஒரு புள்ளி என்பது மாறாத சூடு, மாறாத வேகம். 200 மெகாபாஸ்கல் எதிர்ப்புள்ள எஃகை 0.5 திரிபு வரை அழுத்தினால், தானாக ஏறும் சூடு சுமார் 20 டிகிரிதான். 1150 டிகிரி பில்லட் 250 டிகிரி டையைத் தொட்டபடி ஹைட்ராலிக் பிரஸ்ஸில் மெதுவாக அழுந்தும்போது, மேற்பரப்பு சில நூறு டிகிரி இறங்கலாம். நடுப்பகுதி மேப்பின் நல்ல இடத்தில் நிற்கும். தோல் மட்டும் ஆபத்தான இடம் வரைக்கும் நடந்து போகும். விரிசல் அங்கதான் தொடங்கும்.

அதனால, அட்டவணையைத் தயங்காம எடுத்துக்கலாம். மேப்பில் ஒரு புள்ளியை வெச்சு ‘ஓகே’ன்னு முடிக்கக் கூடாது. மேற்பரப்பின் ஒரு இடத்தை அடி முழுக்கப் பின்தொடர்ந்து, அதன் பாதையை மேப்பில் வரைஞ்சு பாருங்க. டையோடு வெப்பப் பரிமாற்றம் எவ்வளவுன்னு கொடுக்கும் எண்ணை மாற்றினா அந்தப் பாதை எவ்வளவு நகருதுன்னும் பாருங்க. அந்த எண் புத்தகத்தில் கிடைக்காது. நம்ம பிரஸ்ஸில் அளந்துதான் எடுக்கணும்.