சன்னலோரக் கதைகள்: ரொறொன்ரோத் தமிழ்ச் சிறுகதையும் மரபும்

1960களின் தொடக்கத்தில் இலங்கையில் நடந்த எழுத்துச் சண்டையொன்றை இலக்கிய வரலாறு 'மரபுப் போராட்டம்' என்று பதிந்து வைத்திருக்கிறது. முற்போக்கு எழுத்தாளர்களான கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றோர் யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சை அப்படியே சிறுகதைக்குள் கொண்டுவந்தார்கள். பண்டிதர்களுக்குப் பொறுக்கவில்லை. 'இழிசனர் வழக்கு' என்று முகஞ்சுளித்தார்கள். விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் எழுத்தாளர் பக்கம் நின்று வாதாடினார்கள். ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதி சாகித்திய மண்டலப் பரிசையே வாங்கியிருந்தது. கடைசியில் பண்டிதர் கட்சி தோற்றது.

அந்த வெற்றியின் பலனைத்தான் இன்று ரொறொன்ரோவில் வட்டியோடு அனுபவிக்கிறோம். அன்று கலகமாக இருந்த பேச்சுத்தமிழ் இன்று தாளிதமாகிவிட்டது. ஒரு பனை, ஒரு கிணற்றடி, வைரவர் கோவில், ஆச்சியின் வாயில் நாலு 'கண்டறியாத' போட்டுவிட்டால் 'மண்வாசனை வீசுகிறது' என்று முன்னுரை எழுத ஆள் கிடைக்கும். டானியல் அந்தக் கிணற்றடிக்குப் போனது மணம் பிடிக்க அல்ல. அங்கே யார் தண்ணீர் அள்ளலாம், யார் கையேந்தி நிற்கவேண்டும் என்பதைச் சொல்லப் போனார்.

ரொறொன்ரோவில் வரும் சிறப்பு மலர்களையும் போட்டித் தொகுப்புகளையும் தொடர்ந்து வாசிப்பவருக்கு ஒரு கதை மனப்பாடமாகியிருக்கும். வெளியே பனி கொட்டுகிறது. முதியவர் ஒருவர், அல்லது இரட்டை வேலை செய்து களைத்த குடும்பத் தலைவர், சன்னலருகே நிற்கிறார். கையில் தேநீர். நினைவு ஊருக்குப் போகிறது. 1983 ஆடிக் கலவரம், இல்லாவிட்டால் 1995இன் வலிகாம இடப்பெயர்வு. ஒரு சாவு, ஒரு பிரிவு. பிறகு தொலைபேசி அடிக்கிறது, ஊரிலிருந்து துக்கச்செய்தி. அவர் திரும்பவும் சன்னலுக்கு வருகிறார், பனி இன்னும் கொட்டுகிறது. இந்த அனுபவங்களில் எதுவும் பொய்யில்லை; எழுதியவர் கண்ணீரும் பொய்யில்லை. ஆனால் அந்த வீட்டு விலாசம் என்ன, மோட்கேஜ் யார் கட்டுகிறார், மருமகள் எத்தனை மணிக்கு வேலையால் வருகிறாள், இவை ஒன்றுமே அந்தக் கதையில் இராது. சன்னலுக்கு வெளியே பனி தெரிகிறது, தெரு தெரிவதில்லை.

தெருவோ இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. எண்பதுகளில் வந்தவர்கள் நகர நடுவில் வெல்லெஸ்லி பக்கத்து அடுக்குமாடிகளில் நெருக்கியடித்து இருந்தார்கள். பிறகு ஸ்காபரோ, பிறகு மார்க்கம், ஏஜக்ஸ். இப்போது ஸ்ரௌவ்வில். 1804இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஏபிரகாம் ஸ்ரௌவர் என்ற மெனொனைட் குடியானவரின் பெயரைத் தாங்கிய ஊர் இது. இதை உள்ளடக்கிய நகராட்சியின் மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் 50,000க்குச் சற்றுக் குறைவு. சோள வயல் இருந்த இடங்களில் வரிசை வீடுகள் எழுகின்றன. இந்த ஊரின் பெயரிலேயே ஓடும் கோ ரயில் கென்னடி, அஜின்கோர்ட், மில்லிக்கன், யூனியன்வில், மார்க்கம், மவுன்ட் ஜோய் என்று நின்று நின்று வருகிறது. ஈழத்தமிழர் இந்நகரத்தில் வீடு மாறிய பாதையை ஏறக்குறைய அந்த நிலையப் பட்டியலிலேயே படித்துவிடலாம். நமது சிறுகதை மட்டும் கென்னடியில் இறங்கி நிலவறைக்குள் போனது. இன்னும் மேலே வரவில்லை.

இதை வெறும் அலுப்பு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் பழைய அச்சில் வார்ப்பதால் எழுதுபவர் கண் மறைந்துபோகும் இடமும் உண்டு. சாதியை எடுத்துக்கொள்ளுங்கள். முற்போக்கு மரபு சாதியைக் கிணற்றிலும் தேநீர்க்கடையிலும் 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்த மாவிட்டபுரம் போன்ற கோவில் வாசல்களிலும் பார்க்கக் கற்றுத்தந்தது. அங்கேதான் அது அன்று பல்லைக் காட்டியது. இன்று நம் கதைகளில் சாதி வந்தால் அது கட்டாயம் நாற்பது ஆண்டுக்கு முந்திய கிணற்றடியில்தான் வரும். இங்கே மார்க்கத்தில் ஒரு கலியாண மண்டபத்தில், கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் பெடியனின் தகப்பனிடம் 'தம்பி எந்த ஊர்?' என்கிறார். பதில் வருகிறது. 'அதில எந்தக் குறிச்சி?' இந்த இரண்டாவது கேள்விக்கு ஊர் தெரியும் ஆவல் காரணமில்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும். பேச்சு அத்தோடு நிற்கும், பிறகு 'சாதகம் பொருந்தவில்லை' என்று தகவல் வரும். டானியல் இருந்திருந்தால் அந்த மண்டபத்துக்குள் வந்திருப்பார். அவரைப் பின்பற்றுவதாகச் சொல்பவர்கள் கிணற்றடியைவிட்டு நகர மறுக்கிறார்கள்.

மரபு என்று நாம் கும்பிடுவது அப்படியொன்றும் ஆதியும் அந்தமும் இல்லாத பொருளல்ல. தமிழின் முதல் சிறுகதை என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் வந்தது. ஆற்றுப் படித்துறை கதை சொல்லும் தாகூரின் படைப்பொன்றை ஒட்டி எழுந்தது அது. பிறமொழியில் கண்டதைத் துணிந்து எடுத்தாண்ட ஐயரைத்தான் தந்தை என்கிறோம். புதுமைப்பித்தன் இன்னும் ஒருபடி மேலே போனார். 'சாபவிமோசனம்' கதையில், இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். மரபை அவரைவிட நெருக்கமாகக் கற்றவரும் குறைவு, அதை அவ்வளவு கூசாமல் குறுக்குக்கேள்வி கேட்டவரும் குறைவு.

வடிவத்திலும் இதே மூடபக்தி. ஒரே இருப்பில் வாசிக்கவேண்டும், ஒரே உணர்வைத் தரவேண்டும் என்று எட்கார் அலன் போ 1842இல் ஒரு மதிப்புரையில் சொன்னதை நாம் தொல்காப்பியச் சூத்திரம்போல ஒப்பிக்கிறோம். கடைசி வரியில் ஒரு திடுக்கிடல் வேண்டும் என்பதையும் ஓ. ஹென்றியிடமிருந்து பெற்று அதோடு சேர்த்துவிட்டோம். ரொறொன்ரோவிலிருந்து சில மணி நேரக் கார் ஓட்டத்தில் இருக்கும் ஹ்யூரன் பகுதியில் பிறந்து வளர்ந்த அலிஸ் மன்றோ இந்தச் சூத்திரங்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஒரு சிறுகதைக்குள் முப்பது நாற்பது ஆண்டுகளை மடித்து வைப்பார். காலத்தை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போடுவார். 2013இல் நோபல் பரிசு கொடுத்தபோது சமகாலச் சிறுகதையின் பெருங்கலைஞர் என்றே அவரைச் சொன்னார்கள். நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவர் பெயர் வந்த அளவுக்கு அவர் செய்முறை நம் கதைக்குள் வரவில்லை.

விலகி நடந்தவர்கள் இங்கும் உண்டு. அ. முத்துலிங்கம் 1964இல் 'அக்கா' தொகுதியை வெளியிட்டு, நெடுங்காலம் ஒதுங்கியிருந்து, தொண்ணூறுகளில் திரும்பி வந்தார். ஆப்பிரிக்காவும் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் அவரோடு தமிழ்ச் சிறுகதைக்குள் வந்தன. அவருடைய 'கொழுத்தாடு பிடிப்பேன்' கதையை மட்டும் பாருங்கள். ஆங்கிலம் தெரியாத ஓர் அகதி குடிவரவு அதிகாரிக்கு எழுதும் கடிதமே முழுக்கதையும். தலைப்பு யாழ்ப்பாணத்துச் சிறுவர் விளையாட்டின் பெயர். வடிவமோ கனடிய அலுவலக விண்ணப்பம். அந்த அதிகாரியால் வாசிக்க முடியாத மொழியில் அந்த மனிதன் விளக்கம் சொல்லச் சொல்ல நமக்குச் சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் அடைக்கிறது. ஊரை எப்படிக் கொண்டுவரலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இந்த நகரத்தில் எழுதப்படவில்லை என்பது என் கருத்து.

வேடிக்கை என்னவென்றால், இப்போது முத்துலிங்கமே ஒரு மரபாகிவிட்டார். பத்தி தவறாமல் ஓர் உவமை, விசித்திரமான ஒரு வெளிநாட்டுத் தகவல், மெல்லிய புன்னகையோடு ஒரு முடிவு என்று எழுதப் பலர் கிளம்பியிருக்கிறார்கள். அந்தத் தகவலின் அடியில் அவர் வைக்கும் துக்கம் நகலில் வருவதில்லை. பாரிஸிலிருந்து எழுதும் ஷோபாசக்திக்கும் இதே கதிதான். அவருடைய எள்ளலை எடுத்துக்கொள்பவர்கள் அதற்குப் பின்னாலுள்ள அரசியலைப் பொறுப்பேற்பதில்லை.

சுமதி ரூபனின் கதைகள் புலம்பெயர்ந்த வீட்டின் கதவைத் திறந்து உள்ளே நடக்கும் வன்முறையைப் பெண்ணின் பக்கமிருந்து சொன்னவை. அவற்றுக்கு உரிய அளவில் பேச்சு இங்கே எழவில்லை. துயரப்படும் தாயைப் படிக்கப் பழகிய கண்ணுக்குக் கோபப்படும் மனைவி உறுத்துகிறாள்போலும். டி.செ. தமிழனின் 'சாம்பல் வானத்தில் மறையும் வைரவர்' என்ற தொகுதியின் தலைப்பே இந்தக் குளிர்நாட்டு வானத்தையும் ஊர்த்தெய்வத்தையும் ஒரே வரியில் நிறுத்துகிறது.

எஸ். பொன்னுத்துரையின் கதையும் இங்கே நினைவுகூரத்தக்கது. முற்போக்கு அணியோடு நின்றவர், அந்த அணியே புதுச் சட்டங்கள் போடத் தொடங்கியதும் வெளியேறி 'நற்போக்கு' என்று கொடி பிடித்தார். அந்தக் கொடியின் கீழ் எல்லாமே உருப்படியாக வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் நேற்றைய கலகம் இன்றைய விதியாவதை முதலில் மணந்து பிடித்தவர்களில் அவர் ஒருவர். அவருக்கு 2010ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கொடுத்ததும் ரொறொன்ரோவிலுள்ள தமிழ் இலக்கியத் தோட்டம்தான்.

எழுத்தாளர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. பரிசு எதற்குக் கிடைக்கிறதோ அதைத்தான் எழுதுவார்கள். ஆகவே கதைப்போட்டி நடத்தும் சங்கங்களுக்கும் மலர்க்குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒரே ஓர் ஆண்டுக்கு, முழுக்கமுழுக்க இந்த நாட்டிலேயே நடக்கும் கதைகளை மட்டும் கேளுங்கள். நினைவோட்டம் வேண்டாம், பனிச்சன்னல் வேண்டாம். வந்து சேரும் கதைகள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, அவற்றை அப்படியே அச்சிடுங்கள்.