வீஸ் யாத்திரைக் கோயிலும் மிகையணியும்

எம் தோட்டப் பள்ளி நூலகத்தில் படநூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த ஆசிரிய நண்பர், "இது கோயிலா, மணப்பந்தலா?" என்று வினவினார். அவர் காட்டியது, செருமனியின் தென்பகுதியாகிய பவேரியாவில், ஸ்டைன்காடன் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள கத்தோலிக்க யாத்திரைக் கோயிலின் உட்புறம். வீஸ் என்பது அவ்விடத்தின் பெயர். அம்மொழியில் புல்வெளி என்று பொருள்.

நண்பரின் வினா நகைத்தற்குரியதன்று. சுவரும் விதானமும் வெள்ளையும் பொன்னுமாய்ச் சுதைக்கொடிகள் படர்ந்து, கண் தங்க இடமின்றிக் கிடக்கின்றன. அணி மிகுந்தால் பொருள் மறையும் என்று தண்டியலங்காரம் நடத்துகையில் நாமே மாணாக்கர்க்குச் சொல்கிறோம். எனினும் வீஸ் கோயிலுக்கு அத்தீர்ப்புப் பொருந்தாது என்பேன். காரணம் அதன் பிறப்பிலேயே உளது.

1730இல் ஸ்டைன்காடன் மடத்துத் துறவியர், பெரிய வெள்ளிப் பவனிக்கெனக் கசையடியுண்ட கிறிஸ்துவின் சுரூபம் ஒன்றைச் செய்தனர். செய்தனர் என்பதினும் ஒட்டுப்போட்டனர் எனல் தகும்: பழைய மரச் சுரூபங்களின் துண்டுகளை இணைத்து, மூட்டுகளைத் துணியால் மூடி, வண்ணம் பூசினர். அதன் அவலக் கோலம் காணச் சகியாது, சில ஆண்டுகளிலேயே பவனியினின்று நீக்கினர். ஒதுக்கிய அச்சுரூபத்தை வீஸில் வாழ்ந்த உழவர் குடிப் பெண்ணாகிய மரியா லோரி பெற்றுத் தம் வீட்டில் வைத்து வணங்கினார். 1738 சூன் 14ஆம் நாள் அதன் முகத்தில் கண்ணீர்த் துளிகளைக் கண்டதாக அவர் கூற, மக்கள் திரண்டனர். 1740இல் எழுந்த சிற்றாலயம் போதவில்லை. 1745 முதல் 1754 வரை டொமினிக்குஸ் சிம்மர்மன் இப்பெருங்கோயிலைக் கட்டினார். விதான ஓவியம் தீட்டியவர் அவர் தமையனார் யோகான் பாப்டிஸ்ட்.

இனி, கோயிலினுள் நோக்குவோம். நீள்வட்ட மண்டபம், இணையிணையாய் வெண்தூண்கள், அவற்றின் பின்னிருந்து வரும் சாளர ஒளி. கல்வளைவு போல் தோன்றும் விதானம் உண்மையில் மரச்சட்டத்தின்மேற் பூசிய சுதையே. இத்தனை கண்கட்டு வித்தைக்கும் நடுவே, உயர் பீடத்தின் செந்தூண்களுக்கிடையில் அதே ஒட்டுச் சுரூபம் நிற்கிறது! மண்டபத்துக்குத் திருச்சபைத் தந்தையர் நால்வரின் உருவங்களைச் செதுக்கிய அந்தோன் ஸ்டூர்ம் என்னும் கைதேர்ந்த சிற்பி இருந்தார். பீடத்திற்கும் அழகிய புதுச் சுரூபம் ஒன்றைச் செய்வித்திருக்கலாம், செய்யவில்லை. சுற்றிலும் பொன் மின்ன மின்ன, நடுவிலுள்ள வறுமையே கண்ணை இழுக்கிறது. இங்கே அணி பொருளை மறைக்கவில்லை, காட்டித் தருகிறது.

குறை கூறவேண்டுமாயின் செலவைக் கூறுக. இப்பணியால் மடம் பெருங்கடனில் ஆழ்ந்தது. 1803இல் மடங்கள் கலைக்கப்பட்டபோது கோயிலும் இடிபட இருந்தது. காத்தவர் அக்கம்பக்கத்து உழவரே. 1983இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

விதானத்தில் இன்னுமொன்று. நடுவே வானவில்லின்மேல் கிறிஸ்து. கிழக்கே நடுவர் இன்னும் அமராத தீர்ப்பு அரியணை. மேற்கே அடைத்த பெருங்கதவு. தொழுது திரும்புவோர் தலைக்குமேல் நிமிர்ந்து நோக்கினால் தெரிவது அக்கதவுதான். மணப்பந்தல் என்ற நண்பர் அந்தப் பக்கத்தை அன்று புரட்டவில்லை.