மனந்திரும்புதலும் சீடத்துவமும்: ஆவூர் மறைத்தளப் பின்னணியில் வீரமாமுனிவரின் இரு உரைநடை நூல்கள்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ மதமாற்றம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் திருமுழுக்கைத் தொடக்கமாகவும் சீடத்துவத்தை அதன் பின்விளைவாகவும் கொள்கின்றன. புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரை ஒரு மையமாகக் கொண்டிருந்த மதுரை மறைத்தளத்தின் சூழலில் வைத்து, வீரமாமுனிவரின் ‘வேதியர் ஒழுக்கம்’, ‘பரமார்த்த குருவின் கதை’ ஆகிய நூல்களை வாசிக்கும்போது இவ்வரிசை நிலைபெறுவதில்லை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: மனந்திரும்புதல், சீடத்துவம், வேதியர், ஆவூர், மதுரை மறைத்தளம், வீரமாமுனிவர்.

முன்னுரை

மதமாற்றம் குறித்த உரையாடல் எண்ணிக்கையின் மொழியிலேயே பெரிதும் நிகழ்ந்துவருகிறது. எத்தனை பேர் மாறினர், எப்போது மாறினர், எதன்பொருட்டு மாறினர் என்னும் மூன்று வினாக்களை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒருசேர எழுப்புகின்றனர். சேசு சபையார் ஐரோப்பாவுக்கு எழுதிய மடல்களும் திருமுழுக்குப் பெற்றோரைக் கணக்கிட்டே பேசின. மாறியவர் அதன்பின் எவ்வாறு வாழ்ந்தார், யாரிடம் கற்றார், யாருக்குக் கற்பித்தார் என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. இலக்கியப் பனுவல்களை அணுகும்போதும் இதே குறுக்கம் நேர்கிறது. மதமாற்றம் என்பது சமூக அடையாளத்தின் மாற்றம். மனந்திரும்புதல் என்பது உள்ளத்தின் திசைமாற்றம். சீடத்துவம் என்பது ஒருவரிடம் கற்று அவர்வழி நடக்கும் வாழ்முறை. இம்மூன்றையும் ஒன்றாகக் கருதுவதால் விளையும் வாசிப்புப் பிழைகளே இங்கு ஆராயப்படுகின்றன.

ஒரு கட்டளையும் மூன்று மொழிகளும்

மத்தேயு நற்செய்தியின் இறுதிக் கட்டளை (28:19–20) இவ்விவாதத்தின் அடிப்படைப் பகுதி. அதன் கிரேக்க மூலத்தில் ஏவல் முற்றுவினை ஒன்றே உள்ளது: சீடராக்குங்கள் என்பது. புறப்படுதல், முழுக்குக் கொடுத்தல், கற்பித்தல் ஆகிய மூன்றும் எச்ச வடிவில் அதனைச் சார்ந்து நிற்கின்றன. ஆகவே, முழுக்கும் கற்பித்தலும் சீடராக்குதலின் கூறுகளாகின்றன. கத்தோலிக்க மறைப்பணியாளர்கள் பயின்ற இலத்தீன் வுல்காத்தாவில், சீடராக்குதலைக் குறிக்கும் வினையின் இடத்தில் ‘கற்பியுங்கள்’ என்னும் பொருளுடைய வினை அமைந்துள்ளது. சீர்திருத்தச் சபையாரிடையே பரவலாக வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலோ ‘சீஷராக்கி’ என்பது வினையெச்சமாகிறது. முற்றுவினையாக நிற்பது உபதேசித்தலைக் குறிக்கும் சொல்.

தமிழில் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சங்கள் அடுக்கி வரும்போது அவை பெரும்பாலும் காலவரிசையை உணர்த்தும். எனவே தமிழ் வாசகருக்குச் சீடராக்குதல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும் ஒரு செயலாகத் தோன்ற இடமுண்டு. இதனை மொழிபெயர்ப்பாளரின் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. மொழியின் தொடரமைப்பு தரும் விளைவு இது. ஆயினும் மனமாற்றத்தையும் சீடத்துவத்தையும் படிநிலைகளாக எண்ணும் வழக்கத்திற்கு இது துணைசெய்கிறது. அந்தியோக்கியாவில் ‘கிறித்தவர்’ என்னும் பெயர் வழங்கப்படுமுன்பே அவர்கள் ‘சீடர்’ எனப்பட்டனர் என்பதைத் திருத்தூதர் பணிகள் (11:26) உணர்த்துகிறது. சமய அடையாளப் பெயர் பின்னரே வந்தது.

கடற்கரையும் உள்நாடும்

தமிழக வரலாற்றில் இரு வேறு வரிசைகளைக் காணலாம். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடித் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். தூய பிரான்சிஸ் சவேரியார் 1542இல் அங்கு வந்த பின்னரே மன்றாட்டுகளைத் தமிழில் கற்பிக்கும் பணி முறையாகத் தொடங்கியது. அப்பணியைத் தொடர ஊர்தோறும் உள்ளூர்க் கணக்கப்பிள்ளைகள் அமர்த்தப்பட்டனர். அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் அச்சானது. இங்கு முழுக்கு முந்தியது, கல்வி பிந்தியது.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி வேறொரு முறையை வகுத்தார். தத்துவபோதகர் எனப்பட்ட அவர் குருவாக அமர்ந்தார். தேடி வந்தவர் மாணாக்கராகக் கேட்டு, வாதிட்டு, ஐயம் தெளிந்த பின்னரே முழுக்குப் பெற்றனர். இம்முறை பரவிய உள்நாட்டு நிலையங்களுள் ஒன்று ஆவூர். இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் வடமேற்கில் அமைந்த இவ்வூர், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பூஷே அடிகளாரின் பணியால் மறைத்தளத்தின் முதன்மையான நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

குருக்கள் சிலரே இருந்தனர், ஊர்களோ பல. ஓர் ஊருக்குக் குரு வந்து செல்லும் நாள்களுக்கு இடையே மக்களைப் பேணியவர் உபதேசியார். மன்றாட்டுகளைக் கற்பித்தல், முழுக்குக்கு ஆயத்தப்படுத்தல், சாகும் தறுவாயில் இருப்போருக்குத் துணைநிற்றல் ஆகியன அவர் பொறுப்புகள். அவரே ஒரு காலத்தில் மனம் மாறியவர் அல்லது அத்தகையவரின் வழிவந்தவர். எனவே உள்நாட்டில் மனமாற்றம் என்பது பெரும்பாலும் ஒரு சீடர் மற்றொருவரைச் சீடராக்கியதன் விளைவாகும். மடல்களில் குருவின் கணக்கில் வரவான எண்ணிக்கைக்குப் பின்னால் இவர்களின் உழைப்பு உள்ளது.

வேதியர் ஒழுக்கம்: ஆசிரியரே மாணாக்கர்

வீரமாமுனிவர் 1727இல் இயற்றிய ‘வேதியர் ஒழுக்கம்’ இந்த உபதேசியாரை நோக்கியே பேசுகிறது. ‘வேதியர்’ என்னும் சொல்லாட்சி குறிப்பிடத்தக்கது. மரபில் அந்தணரைக் குறித்த சொல் இங்கு மறையை எடுத்துரைப்பவரைக் குறிக்கிறது. பிறப்பால் வந்த பெயர் பணியால் வரும் பெயராகிறது.

நூற்பெயரின் இரண்டாம் சொல் இன்னும் கூர்மையானது. பிறருக்குப் போதிப்பவருக்கு எழுதப்பட்ட நூல் ‘ஒழுக்கம்’ என்று பெயர் பெற்றுள்ளது. அடுத்த ஆண்டிற்குரிய ‘வேத விளக்கம்’ தரங்கம்பாடி லுத்தரன் சபையாரோடு கோட்பாட்டு வழக்காடுகிறது. அது எது சரியான மறை என்று வினவ, இது மறையை அறிந்தவர் எவ்வாறு வாழ்கிறார் என்று வினவுகிறது. இந்நூலின் வாசகர் ஏற்கெனவே முழுக்குப் பெற்றவர்; பிறரை அதற்கு ஆயத்தம் செய்பவர். அவரையே திருந்தி வாழுமாறு நூல் வற்புறுத்துகிறது. மனந்திரும்புதல் ஒருமுறை நிகழ்ந்து முடிந்த செயலாயின் இந்நூலுக்குத் தேவையே எழுந்திராது.

பரமார்த்த குருவின் கதை: கீழ்ப்படிதலின் எல்லை

சீடத்துவத்தை உயர்த்திப் பேசும் வாதத்திற்கு ஒரு மறுப்பு எழக்கூடும்: சீடத்துவம் வெறும் கீழ்ப்படிதலாகச் சுருங்கினால் என்ன ஆகும்? விடையை வீரமாமுனிவரின் மற்றொரு படைப்பில் காணலாம். மொழி பயில்வோருக்கென இலத்தீன் மொழிபெயர்ப்புடன் எழுதப்பட்டு, 1822இல் பாபிங்டனால் இலண்டனில் அச்சிடப்பட்ட ‘பரமார்த்த குருவின் கதை’யில் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் எனச் சீடர் ஐவர். குதிரையிலிருந்து விழுவனவற்றுள் எவற்றை எடுக்க வேண்டும் என்று குரு ஓலையில் எழுதித் தருகிறார். பின்னர்க் குருவே பள்ளத்தில் விழுகிறார். ஓலையில் அவர் பெயர் இல்லாததால் சீடர்கள் அவரைத் தூக்குவதில்லை.

இக்கதை நகைச்சுவையாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. இந்து மடங்களை எள்ளுவதாகவும் கொள்ளப்பட்டதுண்டு. ஆனால் அக்காலச் சேசு சபைத் துறவியரும் ‘குரு’ என்றே அழைக்கப்பட்டனர் என்பதை நோக்கினால், எள்ளல் அவர்களையும் தொடுகிறது. இது ஆசிரியரின் நோக்கம் என்று கூறுவதற்கில்லை. பனுவல் இடமளிக்கும் வாசிப்பு. குருவோடு வாழ்ந்தும், குருவின் சொல்லை எழுத்துப் பிசகாது காத்தும், மனம் திரும்பாத சீடரின் நிலையை இக்கதை காட்டுகிறது. ‘வேதியர் ஒழுக்கம்’ ஒழுக்கமில்லாப் போதனையை எதிர்க்கிறதெனில், இக்கதை உணர்வில்லாக் கீழ்ப்படிதலை எள்ளுகிறது எனலாம்.

பாடுகளின் வரலாறு தரும் மூன்று சான்றுகள்

ஆவூரில் உயிர்ப்புப் பெருவிழாவையொட்டி நடைபெறும் பாஸ்கா நாடகம் பாடுகளின் வரலாற்றை மக்கள்முன் நிகழ்த்துகிறது. அவ்வரலாற்றில் இவ்வாய்வுக்கு உதவும் மூவர் உள்ளனர். யூதாசு நீண்ட காலம் சீடராயிருந்தும் காட்டிக்கொடுத்தவர். மனம் வருந்திய கள்வர் ஒருநாளும் சீடராய் வாழ வாய்ப்பின்றிச் சிலுவையிலேயே மனந்திரும்பியவர். பேதுருவோ முதற்சீடர், அவரிடமே, நீ திரும்பியபின் உன் உடன்பிறப்புகளை உறுதிப்படுத்து என்ற பொருளில் இயேசு பேசுகிறார் (லூக்கா 22:32). சீடத்துவத்தின் நடுவே மனந்திரும்புதல் நிகழ வேண்டியிருக்கிறது. அத்திரும்புதலின் பயன் பிறரைத் தாங்குவதில் உள்ளது. இம்மூவரையும் ஒரே படிவரிசையில் அடக்க இயலாது.

சாதியும் சீடத்துவமும்

இவ்வேறுபாட்டை வலியுறுத்துவதன் தேவை சாதி பற்றிய வினாவில் தெளிவாகும். நொபிலி பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். 1640 முதல் பிற சாதியினரிடையே பணியாற்றப் பண்டார சுவாமிகள் என்னும் பிரிவு தோன்றியது. இருவகைக் குருக்கள் என்னும் ஏற்பாட்டால் பலர் மறைத்தளத்தில் இணைந்தனர். ஆனால் சமய எல்லையைக் கடந்தவர் சாதி எல்லையைக் கடக்க வேண்டியதில்லை என்னும் நிலையும் ஏற்பட்டது. எண்ணிக்கை அளவுகோலின்படி இது வெற்றி. ஒரே குருவின் சீடர் அனைவரும் உடன்பிறப்புகள் என்னும் சீடத்துவ அளவுகோலின்படி இது நிறைவேறாத பணி. காலத்தின் நெருக்கடியைச் சுட்டி இதனை விளக்கலாம். ஆனால் அவ்விளக்கம் குறையை நீக்கிவிடாது. தமிழ்த் திருச்சபைகளில் இன்றும் தொடரும் சாதி வேற்றுமையை மதமாற்றத்தின் தோல்வி என்பதைவிட, சீடத்துவம் முழுமையுறாமை என்பதே பொருத்தம்.

முடிவுரை

கடற்கரையில் முழுக்கைத் தொடர்ந்து கல்வி வந்தது. உள்நாட்டில் கல்வி முழுக்கிற்கு இட்டுச்சென்றது. இரு வழிகளிலும் மனந்திரும்புதல் முழுக்கோடு முடிவடையவில்லை. ‘வேதியர் ஒழுக்கம்’ போதிப்பவரையே மனந்திரும்ப அழைக்கிறது; ‘பரமார்த்த குருவின் கதை’ மனம் திரும்பாத சீடத்துவத்தின் வெறுமையைக் காட்டுகிறது. இரண்டையும் இணைத்து வாசிக்கும்போது, சீடத்துவம் மனமாற்றத்திற்குப் பின்வரும் படியன்று, மனமாற்றம் மெய்யா என்று அறியும் களம் என்பது புலனாகிறது. புதுக்கோட்டை வட்டாரக் கிறித்தவ வரலாற்றை எழுதுவோர் குருக்களின் மடல்களிலுள்ள எண்களோடு நின்றுவிடாமல், வேதியர்களின் கற்பிக்கும் வாழ்வையும் அவ்வாழ்வு சாதியின்முன் தயங்கி நின்ற இடங்களையும் ஆராய வேண்டும்.