மணலைக் கழித்துப் பார்க்கும் கண்

சவூதியின் ரப் அல் காலி பாலைவனத்தில், 1968இல் எண்ணெய் கண்ட ஷைபாவில், மணல்மேடுகள் 200 மீட்டருக்கும் மேல் எழுகின்றன. நடுநடுவே தட்டையான உப்புத்தரை. அப்படிப்பட்ட மண்ணில் அதிர்வை இறக்கி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு அடிப்பாறையைப் படமாக்குவது லேசான காரியமல்ல.

தளர்ந்த மேல்மண்ணில் அலை வினாடிக்கு 500 மீட்டர் ஊர்கிறது, கீழே கெட்டித்தரையில் 2000 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் மேல்மண்ணைக் கடக்க 20 மில்லிவினாடி. அதுவே கெட்டித்தரையாக இருந்தால் 5. தாமதம் 15. ஆனால் 40 ஹெர்ட்ஸ் அலையின் அரைச்சுற்றே 12.5 மில்லிவினாடிதான். ஒரு பதிவின் முகடு அடுத்ததன் பள்ளத்தில் விழுந்து, பதிவுகளைக் கூட்டிப் படமாக்கும்போது எதிரொலி பெரும்பாலும் அழிந்துபோகும். 10 மீட்டர் புழுதி, கிலோமீட்டர் கணக்கான ஆழத்துப் பாறையை மறைத்துவிடுகிறது!

இதைச் சீராக்கும் வேலைக்கு ஸ்டேட்டிக்ஸ் என்று பெயர். அதன் கட்டுப்பாடுதான் எனக்கு அழகு. அதிர்வு கொடுத்த இடத்துக்கு நேரத்தைத் திருத்த ஒரே எண், அதிர்வைக் கேட்கும் ஜியோஃபோனை நட்ட இடத்துக்கு ஒரே எண். அவ்விடத்தைத் தொட்ட பதிவுகள் அத்தனையும் அந்த அளவே நகர வேண்டும். ஒற்றைப் பதிவை மட்டும் இழுத்துவிட்டு அழகு பார்க்க இடமில்லை. 1974இல் புவி இயற்பியலாளர் டேனரும் உடனிருந்தவர்களும், 1976இல் விகின்ஸ், லார்னர், வைஸ்கப் மூவரும் இதைக் கணிதமாக நிறுவினார்கள். பிய்த்துப் போட்ட பஞ்சாகக் கிடந்த எதிரொலிக் கோடு, திருத்தியபின் நூல் பிடித்தாற்போல் நிற்பதைத் திரையில் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்தக் கூர்மையில் மயங்கக் கூடாது. இந்தக் கணக்கு அக்கம்பக்கத்து வேறுபாட்டைத்தான் பிடிக்கும். ஜியோஃபோன் வரிசையைவிட அகலமாக, மெல்லத் தடித்து மெல்ல மெலியும் மேல்மண் அதன் கண்ணில் படாது. தடித்த பக்கம் பாறை தாழ்ந்து தெரியும், மெலிந்த பக்கம் பொய்மேடு எழும். படமோ பளிச்சென்று இருக்கும்.

இங்கேதான் கைத்தேர்ச்சி தெரிகிறது. நல்ல கைகள் முதலில் துளையைத்தான் நம்பும். கெட்டித்தரைவரை துளையிட்டு, ஆழத்துக்கு ஆழம் சிறுவெடி வைத்து, அலை மேலே வந்துசேரும் நேரத்தை அளப்பார்கள். மணல் தன் பாரத்தாலேயே இறுகும். உள்ளே போகப்போக வேகம் கூடும். ஆகவே மேட்டின் கனத்தைச் சொன்னால் அலையின் நேரத்தைச் சொல்லும் வளைகோடு ஒன்றையே பாலைவனத்துக்கென்று வரைந்து வைத்தார்கள். பாறையைத் தேடப் போனவர்கள் மணலுக்குக் காட்டிய மரியாதை அது.

அடுத்தமுறை ஓர் அதிர்வுப்படம் கைக்கு வந்தால், அதன் தெளிவை மெச்சுவதற்கு முன், அளவுத்துளைகளை எங்கெங்கே போட்டார்கள் என்று கேளுங்கள்.