நூலில்லா நூல்கள்

நம் திங்களிதழ்களில் வரும் நூல் மதிப்புரைகளின் இறுதி வரியைக் கவனித்தவர்கள் ஒன்றை அறிந்திருப்பர். கருத்தையும் நடையையும் இரண்டு பக்கங்களுக்கு எடைபோட்ட திறனாய்வாளர், 'அச்சும் அமைப்பும் நன்று' என்று மூன்றே சொற்களில் முடித்துக்கொள்வார். பக்கங்கள் வரிசை தவறாமல் உள்ளனவா, விரித்தால் புத்தகம் விரிந்து நிற்கிறதா, பத்தாண்டு தாங்குமா என்பனவெல்லாம் பைண்டரின் கவலை என்பது அவர் எண்ணம். இக்கட்டுரை அந்த மூன்று சொற்களைப் பற்றியது. மதுரையிலும் அதனைச் சூழ்ந்த சமவெளிப் பங்குகளிலும் ஆண்டுதோறும் வெளிவரும் விழா மலர்கள், நவநாள் செபக் கையேடுகள், பாடல் தொகுப்புகள் ஆகியவற்றையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். அவற்றின் உள்ளடக்கம் பற்றி வேறொரு சமயம் பேசலாம். பேசுவதற்கு நிறையவே இருக்கிறது.

தமிழில் புத்தகத்துக்கும் இழைக்கும் ஒரே சொல். நன்னூலார், பஞ்சிலிருந்து இழை நூற்பதை உவமையாகக் கொண்டே நூல் என்னும் பெயரை விளக்குகிறார். ஓலைச்சுவடிக் காலத்தில் இவ்வுறவு கண்ணெதிரே இருந்தது. ஏட்டில் துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினார்கள். ஓரத்தில் ஏட்டெண் பொறித்தார்கள். கயிறு அறுந்து, எண்ணிட்ட ஓரமும் செல்லரித்துவிட்டால், எந்த ஏட்டுக்குப் பின் எந்த ஏடு என்பதைச் செய்யுளின் பொருளைக் கொண்டே ஊகிக்க வேண்டும். சீவக சிந்தாமணியை 1887-இலும், பத்துப்பாட்டை 1889-இலும், புறநானூற்றை 1894-இலும் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் பாட வேறுபாடுகளோடு மட்டும் போராடவில்லை. முதலும் முடிவும் இழந்த, இடையே ஏடு குறைந்த சுவடிகளோடும் போராடினார். நாம் 'பதிப்பு' என்று போற்றுகின்ற பணியில் ஒரு பெரும்பகுதி, அறுந்த கயிற்றைத் திரும்பக் கோக்கும் பணியே.

இத்தகைய குழப்பம் விவிலியத்துக்கு நேராமல் இருந்ததா? நேர்ந்தது. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஆண்டவர் கையில் எடுத்தது ஏட்டுச் சுருள். சுருளில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருப்பதால் பக்கம் மாற இடமில்லை. ஆனால் இரண்டாம் நூற்றாண்டு முதலே கிறிஸ்தவர்கள் சுருளை விட்டு, தாளை மடித்துத் தைத்த புத்தக வடிவத்தை விரும்பி ஏற்றனர். மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் உள்ள யோவான் நற்செய்தியின் சிறு துணுக்கில் இருபுறமும் எழுத்து இருப்பதே அதற்குச் சான்று. தேடிய இடத்தைச் சட்டென்று திறக்கலாம். தாளின் இரு பக்கமும் பயன்படும். கூடவே ஓர் ஆபத்தும் வந்தது. மடித்த தாள்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குபவன் கை தவறினால், நூலின் வரிசையே மாறிவிடும்.

சீராக்கின் ஞான நூலுக்கு நேர்ந்தது இதுதான். அதன் 30-ஆம் அதிகாரத்தின் இறுதி வசனம் முதல் 33-ஆம் அதிகாரத்தின் நடுப்பகுதி வரை ஒரு துண்டு. அங்கிருந்து 36-ஆம் அதிகாரத்தின் நடுப்பகுதி வரை மற்றொரு துண்டு. இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளம். நமக்குக் கிடைத்துள்ள கிரேக்கப் படிகளில் இவ்விரு துண்டுகளும் இடம் மாறி நிற்கின்றன. மூலப்படி ஒன்றில் இரு தாள்கட்டுகள் முன்பின்னாக அடுக்கப்பட்டிருக்கின்றன; அதைப் பார்த்து எழுதியவர்கள் அப்படியே எழுதினார்கள்; அவர்களைப் பார்த்து எழுதியவர்களும் அப்படியே. பிழை நேர்வதற்கு முந்தைய படியிலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட பழைய இலத்தீன் பாடமும், எபிரேயத்திலிருந்து வந்த சிரியப் பாடமும் சரியான வரிசையைக் காத்துத் தந்தன. 1896 முதல் கெய்ரோவின் பழைய தொழுகைக்கூடச் சேமிப்பறையிலிருந்து அடையாளம் காணப்பட்ட எபிரேய ஏடுகளும் அதையே உறுதிப்படுத்தின. இன்றும் கிரேக்கப் பதிப்பைப் புரட்டுபவர் இந்த அதிகாரங்களில் எண்கள் தடுமாறுவதைக் காணலாம்.

இதில் என் மனத்தைத் தொடுவது ஒரு சிறு செய்தி. முதல் துண்டு முடியும் இடம் ஒரு வாக்கியத்தின் நடு. ஞான ஆசிரியர் தம்மைப் பற்றிச் சொல்லும் அரிய இடம் அது: முன்னோர்க்கெல்லாம் பின்னால் விழித்திருந்து உழைத்த தமக்கு, திராட்சை பறிப்போரின் பின்னே சென்று எஞ்சியதைப் பொறுக்குபவனை உவமை கூறுகிறார். அந்த வாக்கியத்தின் முற்பாதி ஒரு கட்டிலும் பிற்பாதி மறு கட்டிலும் போய்விட்டன. விழித்திருந்தவன் ஓரிடத்தில் நிற்க, பொறுக்குபவன் ஏறத்தாழ ஆறு அதிகாரங்கள் தள்ளி நிற்கிறான். எழுதியவரிடம் குறையில்லை; படியெடுத்தவரிடமும் குறையில்லை. அடுக்கியவரின் ஒரு கணக் கவனக்குறைவு, பல நூற்றாண்டு வாசகர்களிடமிருந்து ஒரு மனிதரின் தன்கூற்றைப் பிரித்துவிட்டது.

(யோவான் நற்செய்தியில் 5, 6 அதிகாரங்கள் இடம் மாறியுள்ளன என்று வாதிட்ட அறிஞர்களும் உண்டு. 1941-இல் வெளிவந்த புல்ட்மனின் விளக்கவுரை நற்செய்தியின் பல பகுதிகளைப் பிரித்து அடுக்கிக் காட்டியது. அதற்குக் கைப்படிச் சான்று ஒன்றுகூட இல்லை. வாசிக்கும்போது கால் இடறிய இடத்திலெல்லாம் பைண்டரைக் குற்றம் சொல்வதும் தவறு.)

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய தம்பிரான் வணக்கம், 1578-இல் கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளாரால் வெளியிடப்பட்டது. அதன் பக்கங்கள் 16. இன்றைய அச்சகத்தார் மொழியில் இது ஒரு ஃபாரம். ஒரு பெரிய தாளை மும்முறை மடித்தால் 8 இதழ், 16 பக்கம். மடிப்பதற்கு முன் அத்தாளை விரித்துப் பார்த்தால் பக்கங்கள் தாறுமாறாக, சில தலைகீழாகக்கூட நிற்கும். ஆனால் அந்தத் தாறுமாறுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: முதுகு மடிப்பின் இருபுறமும் இணைந்து நிற்கும் இரு பக்கங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 17. ஒன்றோடு 16, இரண்டோடு 15, எட்டோடு 9. கணினியில் தயாரித்து, ஜெராக்ஸ் கடையில் தாளை இரண்டாக மடித்துச் செய்யும் சிலுவைப்பாதைக் கையேட்டுக்கும் இதே விதிதான். மொத்தப் பக்கத்தோடு ஒன்று கூட்டினால் இணைப் பக்கங்களின் தொகை வரும். மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும். இதை அறியாமல் 18 பக்கம் தட்டச்சு செய்துவிட்டு, கடைசி நேரத்தில் இரு வெற்றுப் பக்கங்களை எங்கே மறைப்பது என்று தவிப்பவர்கள் நம் இளைஞர் குழுக்களில் பலர்.

ஃபாரங்களை அடுக்குவதில்தான் சீராக்கின் விதி நம்மையும் பிடிக்கிறது. பழைய அச்சகத்தார் ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்க அடியிலும் அதன் எண்ணைச் சிறிதாக இடுவார்கள். மடிப்பின் முதுகில் ஒவ்வொரு ஃபாரத்துக்கும் சற்று இறக்கி ஒரு கறுப்புக் கோடு போடும் வழக்கமும் உண்டு. அடுக்கியபின் முதுகைப் பார்த்தால் படிக்கட்டுப்போல் கோடுகள் இறங்கும். ஒரு படி தவறினால் குழந்தைக்கும் தெரியும். இன்று மலர்களில் இதைக் காண்பது அரிது. பலவற்றில் பக்க எண்ணே இல்லை. விளம்பரப் பக்கங்களுக்கு எண் இடுவதில்லை என்ற விசித்திர மரபால், உள்ள எண்களும் பயனற்றுப் போகின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு பங்கின் நூற்றாண்டு மலரில், சில படிகளில் 33 முதல் 48 வரை இருமுறை வந்தது. 49 முதல் 64 வரை வரவில்லை. விடுபட்ட அந்த 16 பக்கங்களில்தான் பங்கின் உபதேசியார்களின் பெயர்ப்பட்டியல் இருந்தது. தந்தையின் பெயரைப் பேரனுக்குக் காட்டவென்று மலரை வாங்கிய மூதாட்டி ஒருவர் இரண்டு நாள் தேடியிருக்கிறார். 'எங்கப்பா பேரை விட்டுட்டீங்களே சாமி' என்று கண்ணீரோடு வந்தார். வேறு படியில் அந்தப் பெயரைக் காட்டிய பிறகே அமைதியானார். மலருக்கு வந்த மதிப்புரையில் அச்சும் அமைப்பும் நன்று என்றே இருந்தது.

கட்டும் முறைக்கு வருவோம். நடுவில் இரு கம்பி அடிக்கும் சென்டர் பின் எளியது, மலிவானது, நன்றாக விரியும். மதுரைப் புதுமண்டபத்துக் கடைகளில் தலைமுறை தலைமுறையாக விற்ற மெல்லிய கதைப் பாடல் புத்தகங்களை நினைத்துக்கொண்டால் போதும். அறுபது, எழுபது பக்கம் வரை இதற்கு நிகர் வேறில்லை. அதற்கு மேல் போனால் உள்தாள்கள் வெளியே துருத்தும், முதுகு உப்பும். பக்கவாட்டில் கம்பி அடிக்கும் சைடு பின் செபப் புத்தகத்துக்கு ஆகாது என்பது என் தீர்ப்பு. ஒரு கையில் செபமாலையோ மெழுகுதிரியோ வைத்திருப்பவர், மறு கையால் அதை விரித்துப் பிடிக்க முடியாது. வரிகளின் தொடக்கமும் மடிப்புக்குள் மறையும். பாடகர் குழுவுக்கு ஸ்பைரல் நல்லது, அழகில்லாவிட்டாலும்.

இப்போது மலர்களில் கோலோச்சுவது 'பெர்ஃபெக்ட் பைண்டிங்'. பெயரைத் தவிர அதில் நிறைவு ஏதும் எனக்குத் தெரியவில்லை. ஃபாரங்களின் மடிப்பையே வெட்டி எறிந்துவிட்டு, தனித்தனி இதழ்களாக்கி, முதுகில் சூடான பசையைத் தடவி அட்டையை ஒட்டுகிறார்கள். முதுகு சதுரமாக நிற்கிறது, பெயர் அச்சிடலாம், விலையும் குறைவு. ஆனால் மதுரைச் சித்திரை வெயிலில் மூடிய வண்டிக்குள் ஒரு நாள் கிடந்தால் பசை இளகும், பழையதானால் வெடிக்கும். வழவழப்பான ஆர்ட் தாளில் பசை சரியாகப் பிடிப்பதும் இல்லை. நம் மலர்களில் முதலில் கழன்று விழுபவை ஆயரின் ஆசியுரையும் பிரமுகர்களின் வாழ்த்துரைகளுமே. வண்ணப் படத்தோடு ஆர்ட் தாளில் வருபவை அவையே. வாசகருக்கு அது பேரிழப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் இதழ் விழுந்த பிடி தளர்ந்தபின், அடுத்தடுத்து வரலாற்றுக் கட்டுரைகளும் விழத் தொடங்குகின்றன.

மாற்று உண்டு. ஒவ்வொரு ஃபாரத்தையும் மடிப்பின் வழியே இழையால் தைத்து, ஒன்றோடொன்று பிணைத்து, பின் அட்டை போடும் செக்‌ஷன் தையல். செலவு கூடும், நாளும் கூடும். திருவிழாக் கொடியேற்றத்தன்று மலர் கைக்கு வந்தாக வேண்டும் என்னும் அவசரத்தில் தையலுக்கு நேரமில்லை என்பார்கள். அந்த அவசரம் எனக்கும் புரியும். ஆயினும் எல்லாவற்றுக்கும் தையல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு நவநாள் கையேடு ஒன்பது நாள் வாழ்ந்தால் போதும். நூற்றாண்டு மலர் அப்படியன்று. அதன் வரலாற்றுப் பகுதியை எழுதுபவர்கள் பங்கின் பழைய திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் புரட்டித்தானே எழுதுகிறார்கள்? அந்தப் பதிவேடுகள் தடித்த அட்டையும் இழைத் தையலுமாக, தாள் பழுத்த பின்னும் பக்கம் மாறாமல் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதிய மலரோ, வெளிவந்த எட்டாம் ஆண்டில் ரப்பர் வளையம் போட்டு அலமாரியில் கிடக்கிறது.

அடுத்த மலருக்குக் குழு கூடும்போது, கட்டுரைகள் வந்து சேருமுன்பே நான்கைந்து வெற்றுத் தாள்களை மடித்து, பென்சிலால் பக்க எண்ணிட்டு ஒரு 'டம்மி' செய்து மேசைமேல் வையுங்கள். விளம்பரங்களுக்கும் அதில் எண் கொடுங்கள். ஆர்ட் தாள்களைத் தனி இதழ்களாகச் செருகாமல், ஒரு முழு ஃபாரமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அச்சகத்தில் கொடுக்கும் ஆர்டர் தாளில் தாளின் தரம், அட்டையின் நிறம், படிகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு 'செக்‌ஷன் தையல்' என்பதையும் எழுத்தில் குறியுங்கள். எழுதாவிட்டால் பசைதான் வரும்.