லோட்டெ எடுத்துப்போன அட்டைகள்

அனிதா தேசாயின் 'பாம்கார்ட்னர்ஸ் பாம்பே' (1988) நாவலை ஒரு கொலையில் முடிகிற கதையாகத்தான் முதலில் வாசித்தேன். பல ஆண்டுகள் அப்படியே வகுப்பிலும் சொன்னேன். நாஜிகளிடமிருந்து தப்பிக் கல்கத்தாவுக்கு வந்துசேரும் யூதர் ஹ்யூகோ பாம்கார்ட்னர், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத் தன் பம்பாய் அறையிலேயே, இரக்கப்பட்டு இடம் கொடுத்த ஜெர்மானிய இளைஞன் ஒருவனால் கொல்லப்படுகிறார். வரலாறு கடல் தாண்டித் துரத்திவந்து பிடித்துவிட்டது என்று ஒரு வாக்கியம் எழுதினால் விமர்சனம் முடிந்துவிடும். நானும் முடித்துக்கொண்டேன்.

ஆனால் நாவல் ஹ்யூகோவிடமிருந்து தொடங்கவில்லை. லோட்டெ என்ற வயதான பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. கொலை நடந்த அறையிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்துக்கொண்டு, குதிகால் செருப்போடு மூச்சிரைக்கத் தன் வீட்டுக்கு ஓடிவருகிறாள். ஹ்யூகோவின் தாய் ஜெர்மனியிலிருந்து எழுதியவை அவை. லோட்டெ அவருடைய மனைவி அல்ல, உறவினர் அல்ல. ஒருகாலத்தில் கல்கத்தாவில் மேடையில் ஆடியவள். இப்போது குடியும் தனிமையுமாக இருப்பவள். சட்டப்படி பார்த்தால் அவள் செய்தது திருட்டு. கொலை நடந்த இடத்திலிருந்து தடயம் எடுத்துப்போவது குற்றம்கூட. அவள் எடுக்காமல் விட்டிருந்தால் அந்தத் தாய் எழுதிய ஒரு சொல்லும் மிஞ்சியிருக்காது என்பதுதான் இந்த நாவலின் முதல் பக்கத்திலேயே இருக்கும் செய்தி. நான் கொலையாளியைத் தேடிக்கொண்டிருந்ததால் அதைத் தவறவிட்டேன்.

அந்தக் கடிதங்களில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அதுதான் பயங்கரம். மகனுக்கான செல்லப் பெயர்கள், நலமா என்ற விசாரிப்பு, நான் நலம் என்ற சொல், மீண்டும் அதே செல்லப் பெயர்கள். கூடவே ஒரு எண் முத்திரை. பம்பாயில் இறந்துபோன ஒரு யூத முதியவரின் கடிதக் கட்டு, ஜெர்மன் வாசிக்கத் தெரிந்தவர் என்பதால் தன் கைக்கு வந்ததையும், அவற்றின் வெறுமைதான் இந்த நாவலுக்கு வித்தானதையும் தேசாய் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருடைய தாய் ஜெர்மானியர், தந்தை வங்காளி. வீட்டில் தாயோடு பேசிய மொழியில் அவர் நாவல் எழுதவில்லை. ஆனால் இந்த ஒரு நாவலில் அந்த மொழியின் குழந்தைப் பாடல்கள் மொழிபெயர்க்கப்படாமலே வந்து உட்கார்ந்திருக்கின்றன. தாய்மொழி என்ற சொல்லை நாம் எவ்வளவு எளிதாகக் கொடியில் எழுதிவிடுகிறோம்! இங்கே அது தாய் மட்டும் பேசிய மொழி. அந்தத் தாயைக் கொன்றவர்களும் பேசிய மொழி.

காலனிய அரசு இந்தத் துயரத்துக்குள் நுழையும் இடம் கசப்பான நகைச்சுவை. 1938 அக்டோபரிலிருந்து ஜெர்மனி தன் யூதர்களின் கடவுச்சீட்டில் சிவப்பு எழுத்தில் 'ஜே' என்று முத்திரை குத்தியது. 1939இல் போர் மூண்டதும் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் நிர்வாகம் அதே கடவுச்சீட்டைப் பார்த்து ஜெர்மானியர் என்றது. நாவலில் ஹ்யூகோ எதிரி நாட்டவராகப் பிடிக்கப்பட்டு, நாஜி ஆதரவாளர்களும் இருக்கும் முகாமில் ஆறு ஆண்டுகள் அடைபடுகிறார். பேரரசு அவரைக் காப்பாற்றியது என்றும் சொல்லலாம், அவரைக் கொல்ல விரும்பியவர்களோடு ஒரே வேலிக்குள் போட்டது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. வெளியே வந்தால், கல்கத்தாவில் பஞ்சத்தின் எச்சமும் பிரிவினைக் கலவரமும். அவருடைய முஸ்லிம் தொழில் கூட்டாளி ஊரைவிட்டு ஓட வேண்டியிருக்கிறது. ஓடிவந்தவர் இன்னொருவர் ஓடுவதைப் பார்க்கிறார்.

இந்த இடத்தில் எமே செசேர் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. காலனிகளில் கறுப்பர்களுக்கும் ஆசியர்களுக்கும் செய்ததை ஐரோப்பாவுக்குள் வெள்ளையர்களுக்குச் செய்ததைத்தான் ஹிட்லரிடம் ஐரோப்பாவால் மன்னிக்க முடியவில்லை என்று 1950இல் அவர் எழுதினார். பின்காலனியக் கோட்பாடு இதை எடுத்துக்கொண்டு வெகுதூரம் போயிருக்கிறது. பேரழிவுகளைப் போட்டிக்கு நிறுத்தாமல் அருகருகே வைத்து வாசிக்க நானும் அங்கிருந்துதான் கற்றேன். ஆனால் அருகருகே வைத்தது போதும் என்று நிறுத்திவிட்டால், நாவலின் ஹீரா நிவாஸ் கட்டடத்துக்கு வெளியே நடைபாதையில் குடியிருக்கும் குடும்பத்தை என்ன செய்வது? ஹ்யூகோ தினமும் வெட்கத்தோடும் அச்சத்தோடும் அவர்களைக் கடந்துபோகிறார். அந்த வீட்டுப் பெண்ணுக்கு நாவலில் சொந்தக் குரல் இல்லை. அவள் துயரம் ஹ்யூகோவின் குற்றவுணர்வாக மட்டுமே பதிவாகிறது. ஐரோப்பியப் பேரழிவை நினைவுகூர ஒரு பம்பாய்த் தெருப்பெண் பின்னணித் திரைச்சீலை ஆகிறாள். தேசாய் மீது எனக்கு உள்ள மரியாதை பெரியது. இந்தக் குறையை அதன் பொருட்டு விழுங்க முடியவில்லை.

லோட்டெயின் செயலுக்கு நேரெதிரான ஒன்றை விக்ரம் சேத் 'டூ லைவ்ஸ்' (2005) நூலில் செய்கிறார். இது நாவல் அல்ல. அவருடைய தாத்தா முறையான சாந்தி, அவர் மனைவி ஹென்னி காரோ இருவரின் வாழ்க்கை வரலாறு. 1931இல் பல் மருத்துவம் படிக்க பெர்லின் போன சாந்தி, காரோ குடும்பத்தில் வாடகைக்கு இருந்தவர். ஹென்னி 1939இல் போருக்குச் சற்று முன் இங்கிலாந்து தப்பினார். தாயும் அக்கா லோலாவும் தப்பவில்லை. தாய் தெரேசியன்ஸ்டாட்டிலும் லோலா ஆஷ்விட்ஸிலும் இறந்தனர். காலனியிலிருந்து போன ஒருவரும் ஐரோப்பாவிலிருந்து துரத்தப்பட்ட ஒருவரும் லண்டனில் இல்லறம் நடத்தினார்கள். அதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளாமல்.

ஹென்னி 1989இல் இறந்தபின் பரணில் ஒரு பெட்டி கிடைக்கிறது. போர் முடிந்ததும் அவர் பழைய பெர்லின் நண்பர்களோடு பரிமாறிக்கொண்ட கடிதங்கள். யார் அம்மாவைப் போய்ப் பார்த்தார்கள், யார் பார்க்காததுபோல் நடந்தார்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்து, சிலரோடு உறவை வைத்துக்கொண்டு, சிலரை அறுத்து எறிந்திருக்கிறார். நியூரம்பெர்க் விசாரணையைவிட எனக்கு இந்த விசாரணை முக்கியமாகப் படுகிறது. நீதிபதியும் சாட்சியும் பாதிக்கப்பட்டவரும் ஒரே பெண். தீர்ப்பு என்ன தெரியுமா? இனி உனக்குக் கடிதம் எழுத மாட்டேன் என்பதுதான்.

சேத் அவற்றை நீளமாகவே அச்சிட்டிருக்கிறார். அவை இல்லாவிட்டால் அந்த நூல் அரைநூல். ஆயினும் ஹென்னி அந்தப் பெட்டியைக் கணவரிடம்கூடத் திறக்கவில்லையே? பெண்ணியம் எங்களுக்குக் கற்றுத்தந்த முதல் பாடம் மௌனத்தை உடை என்பது. இருபது ஆண்டுகள் அதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஹென்னியின் மௌனம் யாரும் அவர்மீது திணித்தது அல்ல. கறாராக எழுதி, கணக்கு முடித்து, பெட்டியில் வைத்துப் பூட்டியது. அதை உடைத்தது யாருடைய விடுதலை? லோட்டெ கடிதங்களை எடுத்துப்போய்த் தனியே உட்கார்ந்து அழுகிறாள், அவ்வளவுதான்; யாரிடமும் காட்டவில்லை. எனக்கு லோட்டெயைப் பிடிக்கிறது. ஆனால் சேத் அச்சிட்டிருக்காவிட்டால் நான் ஹென்னியை அறிந்திருக்க மாட்டேன் என்பதும் தெரியும். இந்தக் கணக்கு எனக்கு நேராகவில்லை.

கடந்த பருவத்தில் முதுகலை மாணவிகளுக்கு இந்த நூல்களைப் பற்றிப் பேசியபோது ஒரு பயிற்சி கொடுத்தேன். போர்க்காலத்தில் எதிரி நாடுகளில் பிரிந்திருந்த குடும்பத்தினர் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக அதிகபட்சம் 25 சொற்கள்தான் அனுப்ப முடிந்தது, அதையும் தணிக்கையாளர் படிப்பார். நீங்கள் 25 சொற்களில் வீட்டுக்கு எழுதுங்கள் என்றேன். பாதிப்பேர் சாப்பாட்டைப் பற்றியே எழுதினார்கள். சாப்பிட்டாயா, நான் சாப்பிட்டேன். எண்ணிப் பார்த்து, ஒரு சொல் மிஞ்சியதற்காக 'அன்புள்ள' என்பதை அடித்தவள் ஒருத்தி. பின்வரிசையில் விடுதி மாணவி ஒருத்தி வெகுநேரம் எழுதினாள். எழுதி முடித்துத் தாளை நான்காக மடித்துக்கொண்டு, "இதக் காட்டணுமாம்மா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். பையில் வைத்துக்கொண்டாள்.