மித்தோமாவின் ஓட்டம்

2022 டிசெம்பர் 1, வியாழக்கிழமை. கனடாவின் ஸ்ரௌவ்வில் நேரப்படி காலை 10 மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தில் கனடா மொறோக்கோவிடம் 2-1 என்று தோற்று, ஒரு புள்ளியும் பெறாமல் உலகக் கிண்ணத்திலிருந்து வெளியேறியது. அந்த மனவருத்தத்தோடு தொலைக்காட்சியை அணைத்தவர்கள் பெரும் விருந்தொன்றைத் தவறவிட்டார்கள். பிற்பகல் 2 மணிக்கு ஜப்பானும் ஸ்பெயினும் களமிறங்கின.

இடைவேளையின்போது ஸ்பெயின் 1-0 என முன்னணியில் இருந்தது. ஜப்பானின் பயிற்றுநர் மொரியாசு, டோவானையும் மித்தோமாவையும் இறக்கினார். 48ஆவது நிமிடத்தில் டோவான் தூரத்திலிருந்து அடித்த பந்து கோல் காப்பாளர் ஊனாய் சிமோனின் கையில் பட்டும் நிற்கவில்லை, கோலானது. மூன்று நிமிடம் கழித்து வந்ததுதான் நான் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத கோல்.

டோவான் வலப்புறத்திலிருந்து கோல் வாயிலுக்குக் குறுக்கே தாழ்வாக அனுப்புகிறார். சக வீரர் மயேடாவின் காலுக்கு எட்டாமல் பந்து எல்லைக்கோட்டை நோக்கி ஓடுகிறது. போய்விட்டது என்றே எல்லோரும் நினைக்கிறோம். மித்தோமா மட்டும் வேகத்தைக் குறைக்கவில்லை. உடலைச் சரித்து, காலை நீட்டி, பந்தை உள்ளே திருப்பிவிடுகிறார். அங்கே ஓடிவந்த இன்னொரு ஜப்பான் வீரர் தனாக்காவின் முழங்காலில் பட்டு அது வலைக்குள் போகிறது.

முதலில் கோல் மறுக்கப்பட்டது. காணொளி நடுவர்கள் படங்களை ஆராய்ந்தபின் கிடைத்தது. விதிப்படி பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே. மேலிருந்து பார்த்தால் பந்தின் வளைவு கோட்டின் விளிம்பை 1.88 மில்லிமீற்றர் மூடியிருந்ததாகச் செய்திகள் கூறின. பந்தின் விட்டம் 22 சென்ரிமீற்றர். அப்படியென்றால் அதன் நடுப்புள்ளி கோட்டுக்கு வெளியே ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் தள்ளி நின்றிருக்கிறது! பக்கவாட்டில் பார்த்த கண்கள் ஏமாந்ததில் வியப்பில்லை.

பந்தை மீட்ட இந்த நுட்பம் ஒரே நாளில் வந்ததன்று. மித்தோமா கையில் கிடைத்த தொழில்முறை வாய்ப்பைத் தள்ளிவைத்து சுக்குபா பல்கலைக்கழகத்தில் படித்தவர். பந்தைக் கடத்திச் செல்லும் கலையையே பட்ட ஆய்வுக்கு எடுத்தவர். அவரும் தனாக்காவும் சிறுவயதில் கவாசாக்கியின் சாகினுமாவில் ஒன்றாக விளையாடியவர்கள். அந்தப் பழைய புரிந்துணர்வு கத்தாரில் கோலானதாக எண்ணும்போது சுவை இன்னும் கூடுகிறது.

ஆட்டம் 2-1. பந்து ஜப்பானிடம் இருந்தது 18 சதவீதத்துக்கும் குறைவான நேரமே. ஆனாலும் அது குழுவில் முதலிடம் பிடித்தது, அதே குழுவிலிருந்த ஜெர்மனி வெளியேறியது. ஆசிய அணிகளின் உலகக் கிண்ணக் கதையைத் திரும்பிப் பார்க்கிறேன். 1938இல் டச்சுக் கிழக்கிந்தியா ஹங்கேரியிடம் 6-0 எனத் தோற்றதுதான் உலகக் கிண்ணத்தில் ஆசியாவின் முதல் ஆட்டம். 1966இல் வட கொரியாவின் பாக் டூ-இக் இத்தாலியை வீட்டுக்கு அனுப்பினார். 1994இல் சவூதியின் அல்-ஒவைரான் தன் பாதியிலிருந்து தனியே ஓடி பெல்ஜியத்துக்குக் கோல் போட்டார். 2002இல் தென் கொரியா அரையிறுதி கண்டது. இவை எல்லாவற்றிலும் நுண்மையானது மித்தோமாவின் அந்த ஓட்டமே என்பது என் தீர்ப்பு.

ஸ்ரௌவ்வில் மைதானங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச்செல்லும் பெற்றோரே, அந்தச் சில விநாடிகளை அவர்களோடு இருந்து பாருங்கள். கோலுக்கு முந்திய ஓட்டத்தைக் காட்டுங்கள். விசில் ஊதும்வரை ஓட வேண்டும் என்பதை இதைவிட அழகாக யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது.